டி-நட் மோகம்

தண்டலத்தை ஒட்டிய நெடுஞ்சாலையில் வேனுக்கும் காருக்கும் சப்வூஃபர் பூட்டித் தருகிற கடைகளில் இப்போது பாக்ஸின் தரம் ஒரே கேள்வியில் முடிந்துவிடுகிறது: உள்ளே டி-நட், அதாவது பின்னாலிருந்து பலகையில் அடித்துப் பதிக்கும் முள் வைத்த நட், அடித்திருக்கிறதா? ஆம் என்றால் அது ‘கம்பெனி வேலை’. வெறும் ஸ்க்ரூ என்றால் ஆசாரி வேலை. முன்பக்கம் ஸ்பீக்கர் வளையத்தைச் சுற்றிக் கறுப்பு அலன் போல்ட் எட்டு மின்ன வேண்டும். தலையில் 12.9 என்ற வலிமைத் தர எண் பொறித்திருந்தால் மரியாதை இன்னும் கூடும்.

இந்த மோகம் இங்கே பிடித்ததில் வியப்பில்லை. பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் தயாராகின்றன. ஒரகடம் பக்கம் போனால் ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு. சென்னையை நோக்கித் திரும்பினால் 1966-ல் தொடங்கிய, போல்ட் செய்யும் சுந்தரம் ஃபாஸனர்ஸின் பாடி ஆலை. போல்ட் தலையில் இருக்கும் எண்ணை வாசிக்கத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் சேர்ந்து வாழும் வட்டாரம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. ஆகவே டி-நட்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதமும் ஷாப் ஃப்ளோரிலிருந்தே வருகிறது: “கார்ல எல்லாமே போல்ட்தானே? மரத்துக்கு மட்டும் எதுக்கு ஸ்க்ரூ?”

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சவுண்ட் சர்வீஸ்காரர்களின் பாக்ஸுக்கு டி-நட் தேவைதான். ஆடி மாதத் திருவிழாக்களில் காயில் கருகிய 18 அங்குல ஸ்பீக்கரைக் கழற்றி மாற்றுவது அவர்களுக்கு அன்றாட வேலை. அதுவும் பிளைவுட் பாக்ஸ். இன்னொன்று, சீலிங் வேலைக்கு வந்த கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூவை எடுத்து ஸ்பீக்கர் பூட்டுகிறவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. அது கடினமாக்கப்பட்ட, எளிதில் முறியும் சாமான். இம்பாக்ட் டிரைவரில் கொஞ்சம் அதிகம் அழுத்தினால் தலை தனியே வந்துவிடும். அதன் கூம்புத் தலை ஸ்பீக்கர் வளையத்தின் ஓட்டைக்குள் ஆப்புபோல இறங்கித் தகட்டையும் நெளிக்கும்.

ஆனால் வேனில் வைக்கும் 12 அங்குல சப்வூஃபரும் 18 மி.மீ. எம்டிஎஃப் பாக்ஸும் வேறு கதை. இங்கே போல்ட் என்ன செய்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

போல்ட்டின் பலம் அதன் இரும்பில் மட்டும் இல்லை. முறுக்கும்போது போல்ட் மிக நுண்ணிய அளவு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. இழுப்பு இல்லாத போல்ட் அதிர்வில் தானாகச் சுழன்று தளரும். பக்கவாட்டு அதிர்வு போல்ட்டை எப்படிக் கழற்றுகிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் யுங்கர் 1969-லேயே சோதனைக் கருவி வைத்துக் காட்டிவிட்டார். கார் ஆலை லைனில் டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ என்ற பிறகுதான் அடுத்த போல்ட்டுக்குப் போவதற்கும் காரணம் இந்த இழுப்புதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். எம்5 அளவில் ஒரு 12.9 போல்ட்டை அதற்குரிய டார்க்கில், ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டரில், முறுக்கினால் அது சுமார் ஒரு டன் விசையோடு இறுக்கும். எட்டு போல்ட்டுக்கு எட்டு டன். நடுவே இருப்பவை என்ன? நுரை கேஸ்கெட், மெல்லிய தகட்டு வளையம், மரநாரைப் பசையிட்டு அழுத்திய பலகை. அந்த டார்க்கின் பாதியை எட்டுவதற்கு முன்பே கேஸ்கெட் நசுங்கி, வளையம் வளைந்து, டி-நட் பலகைக்குள் புதையத் தொடங்கும். வளையம் வளைந்தால் காந்த இடைவெளிக்குள் காயில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து உரசும். அதனால் அனுபவமுள்ள ஃபிட்டர் சும்மா கைப்பிடி இறுக்கத்தில் நிறுத்திவிடுகிறார். சரிதான். ஆனால் அந்த இறுக்கத்தில் போல்ட் நீள்வது மிகக் கொஞ்சம்தான். போதாதற்கு எம்டிஎஃப் நாள்பட அழுத்தத்துக்கு இடம் கொடுத்து அமுங்குகிற பலகை. இருந்த கொஞ்ச இழுப்பும் சில மாதங்களில் போய்விடும். பட்டுச் சட்டைக்கு இரும்புப் பொத்தான் தைத்ததுபோல 12.9 எண் வெறுமனே மின்னிக்கொண்டிருக்கிறது.

தாங்க வேண்டிய சுமைதான் எவ்வளவு? 150 கிராம் எடையுள்ள அசையும் பாகம் 30 ஹெர்ட்ஸில் நடுநிலையிலிருந்து இருபுறமும் 10 மி.மீ. ஓடினால் வளையத்தின் மேல் விழும் எதிர்விசை ஐந்தரைக் கிலோ அளவுக்குத்தான் வரும். வேகத்தடையில் வேன் தூக்கிப் போடும்போது 10 கிலோ ஸ்பீக்கர் தன் எடையைப்போல் ஐந்து மடங்கு இழுக்கும் என்றே வைத்துக்கொள்வோம். எட்டு ஸ்க்ரூவுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஏழு கிலோகூட இல்லை. நல்ல எம்டிஎஃபின் முகத்தில் ஒழுங்காக இறங்கிய ஒரு ஸ்க்ரூவைப் பிடுங்குவதற்கோ சுமார் நூறு கிலோ விசை வேண்டும். மேலும் மரத்திருகு தன் மரை நெடுக நாரைக் கவ்வி நிற்பது. நீண்டு இழுக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லாததால் அதிர்வில் அவ்வளவு சுலபமாகத் திரும்பாது.

டி-நட் செய்யும் பெரிய கொடுமை பாக்ஸை மூடிய பிறகுதான் தெரியும். பின்னாலிருந்து சுத்தியலால் நாலு முள்ளையும் அடித்து ஏற்றுகிறார்கள். அடிக்கும்போதே பலகை அடுக்கடுக்காய்ப் பிளந்துகொள்ளும். முன்பக்கமிருந்து போல்ட்டை மரையில் பிடிக்கச் சற்று அழுத்தினால், நட் பொத்தென்று உள்ளே விழும். விழுந்தது காந்தத்தில் ஒட்டும் அல்லது பஞ்சுக்குள் மறைந்து, பிறகு பாட்டுக்குப் பாட்டு கடகடக்கும். அதைவிட மோசம், மரை கோணலாய்ப் பிடித்துக்கொண்டு போல்ட்டோடு சேர்ந்து நட்டும் சுற்றுவது. அப்போது இறுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. கோனுக்கு இரண்டு விரல்கடை தூரத்தில் டிரில் பிட்டை வைத்துப் போல்ட் தலையை அறுத்தெடுக்க வேண்டும். போல்ட்டால் இழுத்துப் பதித்து அரால்டைட் வைத்தால் இது நேராது என்பார்கள். நேராதுதான். அப்படிப் பதித்த பாக்ஸைக் கடையில் காட்டுங்கள் என்றால் பேச்சு மாறிவிடும்.

கார் கம்பெனியை உதாரணம் காட்டுகிறவர்கள் எப்போதாவது கதவு டிரிம்மைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். பல கார்களில் அங்கே ஸ்பீக்கரைப் பிடித்து நிற்பது ரிவெட் அல்லது சாதாரண ஸ்க்ரூ. இரும்போடு இரும்பு சேரும் இடத்தில் போல்ட், மெல்லியதும் மெத்தென்றதும் இருக்கும் இடத்தில் அதற்கேற்றது என்று அந்த ஆலைகளே பிரித்துத்தான் செய்கின்றன.

வேனுக்கு நான் கேட்பது மலிவான வேலை. ஓட்டைக்குப் பின்னால் 12 மி.மீ. பிளைவுட் வளையம் ஒன்றைப் பசை வைத்து ஒட்டுங்கள். 3 மி.மீ. பிட்டால் முதலில் துளையிடுங்கள். தலையின் அடிப்பக்கம் தட்டையாக உள்ள எட்டாம் நம்பர் ஸ்க்ரூவை எதிரெதிராக, கையால், இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். நாலு தடவை கழற்றினால் ஓட்டை தேய்ந்துவிடும் என்பது டி-நட் கட்சியின் கடைசி அஸ்திரம். மறுபடி பூட்டும்போது ஸ்க்ரூவை முதலில் பின்பக்கமாய் மெல்லச் சுற்ற வேண்டும். பழைய மரையில் அது ‘டக்’கென்று இறங்குவது கைக்குத் தெரியும். அதற்குப் பிறகு முன்னோக்கி முறுக்கினால் புதிய மரை வெட்டாது, ஓட்டையும் தேயாது. ஊரில் எந்த ஆசாரியும் செய்து காட்டுவார். இம்பாக்ட் டிரைவரால் முடியாது.