ஆள் கிடைக்கவில்லை என்று சொல்பவர்கள்

எங்கள் வீட்டில் அறுவடை மிஷினுக்கு ஒரே ஒரு காரணம்தான் சொல்லப்பட்டது. “ஆள் கெடைக்கல.” அப்பா சொல்வார், சித்தப்பா சொல்வார், டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் சொல்வார்கள். நூறு நாள் வேலை வந்தபிறகு அந்த வாக்கியத்துக்கு ஒரு வாலும் முளைத்தது: “வேலையே செய்யாம காசு குடுத்தா யாரு வயலுக்கு வருவா?” டெல்டாவில் வளர்ந்த எவருக்கும் இது புதிதில்லை. எனக்கும் இது ஒரு கருத்து என்று தோன்றியதே இல்லை, வானிலைத் தகவல் மாதிரி காதில் விழுந்துகொண்டிருந்த ஒன்று. அதே வாக்கியத்தை மலேசியாவின் கெடா மாநிலத்தில், எழுபதுகளின் இறுதியில், ஒரு மலாய் நிலக்காரர் வாயில் படித்தபோதுதான் திடுக்கிட்டது.

புத்தகம் ஜேம்ஸ் ஸ்காட் எழுதி 1985-இல் வந்த ‘வெப்பன்ஸ் ஆஃப் தி வீக்’. எளியோரின் ஆயுதங்கள் என்று சொல்லலாம். ஸ்காட் 2024-இல் இறந்தபோது முகநூலில் நம் ஆட்கள் நிறைய அஞ்சலி எழுதினார்கள். பெரும்பாலும் அந்தத் தலைப்பைத்தான் கொண்டாடினார்கள். ஏழைகள் சும்மா இருப்பதில்லை, புரட்சி செய்யாவிட்டாலும் தினசரி எதிர்க்கிறார்கள், மெதுவாக வேலை செய்கிறார்கள், புறம் பேசுகிறார்கள், கொஞ்சம் திருடுகிறார்கள், அதுவும் அரசியல்தான் என்ற கருத்து. உண்மைதான். ஆனால் அந்தப் புத்தகத்தின் பலம் அங்கே இல்லை என்பது என் எண்ணம்.

கெடா என்றால் நமக்குக் கடாரம், ராஜேந்திர சோழன், கப்பல். அந்த ஞாபகத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு மூடா சமவெளிக்கு வர வேண்டும். உலக வங்கிக் கடனில் அணைகளும் வாய்க்கால்களும் கட்டப்பட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே ஒருபோகம் இருபோகம் ஆனது. இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல். முதல் சில வருடங்கள் எல்லோருக்குமே நல்ல காலம். நிலமில்லாதவனுக்கும் வருடத்துக்கு இரண்டு நடவு, இரண்டு அறுப்பு. வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்கள் ஊரோடு தங்கினார்கள். பசுமைப் புரட்சியைத் திட்டுவதற்காகவே இந்தப் புத்தகத்தை எடுப்பவர்களுக்கு இந்தப் பக்கங்கள் ஏமாற்றமாக இருக்கும். ஸ்காட் பழைய காலத்தைப் பொன்னுலகமாகக் காட்டவே இல்லை.

பிறகு மிஷின் வந்தது. 1975-இல் ஏறக்குறைய முழு நெல்லும் கையால் அறுத்துக் கையால் அடிக்கப்பட்டது. 1980-இல் சுமார் 80 சதவீதத்தை இயந்திரம் அறுத்தது. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் மலேசிய வெள்ளி பெறும் ராட்சத வண்டி, வியாபாரிகள் கூட்டாகச் சேர்ந்து வாங்கி வாடகைக்கு விட்டது. ஐந்தே வருடம். இருபோகம் கொடுத்த கூலியை இயந்திரம் எடுத்துக்கொண்டது. அறுப்புக் கூலி மட்டும் போகவில்லை. கையால் அடித்த தாளில் ஒட்டிக்கொண்டிருக்கும் நெல்லை ஏழைப் பெண்கள் மறுபடி தட்டி எடுத்துக்கொள்வார்கள். அந்த நெல்லும் போனது. அறுப்புக்கு வந்தவர்களுக்குக் கூலிக்கு மேல் ஜகாத் என்று நிலக்காரர் அளந்து போடும் நெல்லும் குறைந்தது. ஆளே வராதபோது யாருக்கு அளப்பது? குத்தகையும் மாறியது. அறுத்தபின் கொடுப்பது என்ற வழக்கம் தேய்ந்து, நடவுக்கு முன்பே ரொக்கமாகக் கட்டு என்றானது. விளைச்சல் பொய்த்தால் வந்து கெஞ்சிக் குறைத்துக்கொள்ளும் வாசல் அதோடு மூடியது.

இதையெல்லாம் ஒரு பொருளாதார அறிக்கையிலும் படிக்கலாம். ஸ்காட் செய்தது வேறு. எழுபது சொச்சம் வீடுகள் உள்ள ஒரு கிராமத்தில் தங்கினார். செடாக்கா என்பது அவர் வைத்த பெயர், ஆட்களின் பெயர்களும் மாற்றியவை. அங்கே மிஷின் ஏன் வந்தது என்று எல்லோரையும் கேட்டார். ஒரே ஊர், ஒரே மிஷின், இரண்டு வரலாறு கிடைத்தது. நிலக்காரர்கள் ஆள் கிடைக்கவில்லை, போகம் தப்பிவிடும், மிஷின் வேகம் என்றார்கள். ஏழைகள், நாங்கள் இங்கேதானே இருந்தோம், பணக்காரர்களுக்கு எங்களோடு உறவு வேண்டாம் என்று ஆகிவிட்டது என்றார்கள். அதோடு நிற்கவில்லை. நிலக்காரர் தன்னைப் பணக்காரர் என்று ஒத்துக்கொள்வதில்லை, ஏதோ கஞ்சிக்குக் குறைவில்லை என்பார். ஏழையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவன் ஒன்றும் அவ்வளவு ஏழை இல்லை என்பார். ஏழையின் கணக்கு நேர் எதிர்.

இந்த அத்தியாயம்தான் புத்தகத்தின் உயிர். நல்ல நாவலாசிரியர்கள்கூட இதில் பாதியைத்தான் எட்டுவார்கள். ஏனென்றால் ஸ்காட் யாரையும் பொய்யர் ஆக்குவதில்லை. நிலக்காரர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. இருபோகத்தில் முதல் போகத்தை அறுத்து உடனே அடுத்ததற்கு வயலைத் தயார் செய்தாக வேண்டும். எங்கள் பக்கம் குறுவைக்கதிர் சாயும் நேரத்தில் ஐப்பசி மழை வந்து நிற்பதைப் பார்த்தவனுக்கு அந்தப் பதற்றம் தெரியும். ராத்திரி முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் கொடியவர் என்று எழுத எனக்குக் கை வராது. ஆனால் அந்தப் பதற்றம் நிஜம் என்பதால் அவர் சொல்லும் காரணம் முழு நிஜம் ஆகிவிடாது என்பதைத்தான் செடாக்கா காட்டுகிறது.

புத்தகம் தொடங்கும் இடமும் அப்படித்தான். ஊரிலேயே மானங்கெட்டவன் என்று பெயர் வாங்கிய பரம ஏழை ரசாக்கின் சின்னப் பெண் இறந்துபோன காலை. அடுத்து ஹாஜி ப்ரூம், அதாவது துடைப்பம் ஹாஜி, என்று ஊர் பட்டப்பெயர் வைத்த கஞ்சப் பணக்காரரின் கதை. பணக்காரர்கள் ரசாக்கின் கதையைச் சொல்லி ஏழைகள் இப்படித்தான் என்கிறார்கள். ஏழைகள் ஹாஜியின் கதையைச் சொல்லி இவர்கள் இப்படித்தான் என்கிறார்கள். ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு வில்லன் தேவைப்படுகிறான். கதை எதற்குச் சொல்லப்படுகிறது என்பதை இலக்கியக் கோட்பாட்டுப் புத்தகங்களைவிட இந்த முதல் அத்தியாயம் எனக்குத் தெளிவாகச் சொன்னது.

இப்போது அந்தப் புகழ்பெற்ற ஆயுதங்கள். மிஷினின் டேங்கில் மண்ணைப் போட்டார்கள், வழியை மறித்தார்கள். செடாக்காவின் நடவுப் பெண்கள், மிஷினைக் கூப்பிட்டவன் வயலில் நடமாட்டோம் என்று ஜாடையாகத் தெரியப்படுத்தினார்கள். ஜாடையாகத்தான், நேரில் யாரும் சொல்லவில்லை, பின்னால் மறுத்துவிட வசதியாக. நிலக்காரர்கள் வெளியூர் ஆளைக் கூட்டிவருவோம் என்று பேச்சு விட்டார்கள். பெண்கள் இறங்கிப்போனார்கள். மிஷின் நின்றது, பெண்கள் தோற்றார்கள். இதை எதிர்ப்பு என்று பெயரிட்டு நாம் ஆறுதல் அடையலாம். ஸ்காட்டே சில இடங்களில் அந்த ஆறுதலுக்கு இடம் கொடுக்கிறார். நெல் மூட்டை திருடுவது எந்தப் புள்ளியில் எதிர்ப்பு, எந்தப் புள்ளியில் வெறும் திருட்டு என்ற கேள்விக்கு அவர் தரும் பதில் எனக்குப் போதவில்லை. இன்னொரு குறையும் உண்டு. இவ்வளவு முக்கியமான அந்தப் பெண்களின் குரல் புத்தகத்தில் குறைவு. திண்ணையில் ஆண்கள் பேசியதுதான் பக்கம் பக்கமாக வருகிறது.

ஆனால் அவர் கண்ட ஒன்று எந்த ஆயுதத்தையும்விடப் பெரியது. பழைய நிலக்காரன் உழைப்பைச் சுரண்டினான், சண்டை போட அவன் எதிரில் நின்றான். மிஷின் யாரையும் சுரண்டுவதில்லை. அது உறவையே அறுத்துவிடுகிறது. இனி யாரிடம் போய்க் கூலி உயர்வு கேட்பது?

தமிழில் இந்த இடம் எழுதப்படாமல் இருக்கிறது என்று நினைக்கிறேன், நான் படித்தவரை. தஞ்சை 1960-இலேயே தீவிர விவசாயத் திட்டத்துக்குத் தேர்வான மாவட்டம். ஆடுதுறை 27 வயலுக்கு வந்தது, மகசூல் ஏறியது, அதில் கூலிக்காரர் பங்கு கேட்டார். 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது அந்தக் கூலிச் சண்டையின் முடிவில். எதிர்த்தரப்புச் சங்கத்தின் பெயரைப் பாருங்கள்: நெல் உற்பத்தியாளர் சங்கம். மிராசுதார் சங்கம்கூட இல்லை, உற்பத்தியாளர்! இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ அந்த நவீனச் சொல்லைத் தாண்டிப்போய்ப் பண்ணையாரின் ஆண்மைக்குறைவில் காரணத்தைத் தேடியது என்று அப்போதே சண்டை வந்தது. எனக்கும் அந்த விமர்சனத்தில் உடன்பாடுதான். ஆனால் அவரை விமர்சித்தவர்களும், பின்னால் வெண்மணியை எழுதியவர்களும் எதிரெதிரே நிற்கும் இரண்டு பேரைத்தான் எழுதினார்கள். நெருப்பு வைக்காமல், கெட்ட வார்த்தை பேசாமல், பெல்ட் மிஷினுக்கு மணிக்கு இவ்வளவு என்று பேசி முடித்த நிலக்காரரை எந்தப் பாத்திரமாக எழுதுவது? வயலுக்கு வராமலே போனவளை எப்படி எழுதுவது?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, எங்கள் வயலில் இருபது வருடம் அறுத்த ஒரு அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டேன், நீங்கள்லாம் வராம போனதாலதான் மிஷின் வந்துச்சா என்று. “மிஷின் வந்த வருசந்தான் தம்பி நாங்க நின்னோம். ஒங்கப்பாவையே கேளேன்” என்றார். கோபமெல்லாம் இல்லை. பூ வாங்கிக்கொண்டிருந்தார்.

அப்பாவைக் கேட்டேன். “அதெல்லாம் இல்லப்பா. அவுங்க நின்னாங்க, அப்பறந்தான் நாம மிஷினக் கூப்ட்டோம்.”

அப்பா வரவுசெலவு நோட்டுகளைத் தூக்கிப்போடுகிறவர் இல்லை. பரணில் இருந்தது. முதன்முதலாக மிஷின் வாடகை எழுதிய பக்கத்தை எடுத்தேன். மணி, ரூபாய், டிரைவர் பேட்டா. அதற்குக் கீழே, வண்டி இறங்க முடியாத கீழ மூலைக்கு மட்டும் தனியாக அறுப்புக் கூலி எழுதியிருந்தது. பதினோரு பேர்.