தேர்வு வினாவும் நாவல் வாசிப்பும்: கே.எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்' – ஒரு மறுநோக்கு

முன்னுரை

மலேசிய இடைநிலைப்பள்ளிகளின் ஆங்கிலப் பாடத்தில் 2000ஆம் ஆண்டில் இலக்கியக் கூறு இணைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அது எஸ்.பி.எம். தேர்விலும் இடம்பெற்றது. இலக்கணம், சொல்வளம், கருத்துணர்தல், கட்டுரை என்னும் வழக்கமான பகுதிகளோடு கவிதை, சிறுகதை, நாவல் ஆகியவற்றையும் படித்து விடையெழுத வேண்டிய நிலை மாணவர்க்கு ஏற்பட்டது. மேல்நிலைப் படிவங்களுக்கு ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி பேர்ல்', கெரிஸ் மாசின் மலாய் நாவலின் ஆங்கில வடிவமான 'ஜங்கிள் ஆஃப் ஹோப்', கே.எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்' ஆகிய மூன்று நாவல்கள் பரிந்துரைக்கப்பட்டன. ஒரு மாணவர் இவற்றுள் ஒன்றனைப் படித்தால் போதுமானது.

இம்மூன்றனுள் இறுதியாகச் சுட்டப்பட்டது தமிழ்க் குடும்பம் ஒன்றன் கதையாகும். தமிழ்ச் சிறுவன் ஒருவன் ஆங்கிலம் கற்பதும், அக்கல்வி அவனுக்குத் தருவனவும், அவனிடமிருந்து பறிப்பனவுமே அதன் பொருள். ஆங்கிலக் கல்வியைப் பற்றி ஐயம் எழுப்பும் ஒரு நாவல், ஆங்கிலத் தேர்வுக்குரிய பாடநூலாக வைக்கப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது. தேர்வுப் பயிற்சி அந்நாவலை எவ்வாறு வாசிக்கச் செய்தது, அவ்வாசிப்பில் விடுபட்டவை யாவை, தமிழாசிரியர்க்கு இதில் உள்ள பங்கு யாது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

ஆசிரியரும் நாவலும்

கே.எஸ். மணியம் 1942இல் கெடா மாநிலத்தின் பீடோங் நகரில் பிறந்தவர். தமிழ்ப்பள்ளியில் சிறிது காலம் பயின்றபின் சுங்கைப் பட்டாணியில் ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தார். இங்கிலாந்தில் ஆசிரியப் பயிற்சி பெற்றுத் திரும்பிப் பள்ளிகளில் பணியாற்றினார். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, அங்கேயே ஆங்கிலத் துறையில் கற்பித்தார். 1981இல் வெளிவந்த 'தி ரிட்டர்ன்' இவருடைய முதல் நாவல். 'இன் எ ஃபார் கண்ட்ரி' 1993இலும் 'பிட்வீன் லைவ்ஸ்' 2003இலும் வெளிவந்தன. 2020இல் இவர் காலமானார்.

'தி ரிட்டர்ன்' மூன்று தலைமுறைகளின் வரலாறு. இந்தியாவிலிருந்து புதல்வர்களோடு வந்து, துணி விற்றும் பிற சிறுதொழில்கள் செய்தும் வாழ்ந்த பெரியதாய் என்னும் பாட்டி முதல் தலைமுறை. அவள் தனக்கென ஒரு வீட்டை எழுப்பி, நடராசர் திருவுருவை வைத்து வழிபடுகிறாள். ஆனால் அந்நிலத்திற்கு உரிமை பெறாமலே இறக்கிறாள். மருத்துவமனையில் சலவைத் தொழில் செய்யும் கண்ணன் இரண்டாம் தலைமுறை. கதையைக் கூறும் இரவி மூன்றாம் தலைமுறை. தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றப்பட்டு, இங்கிலாந்து சென்று ஆசிரியனாகத் திரும்புபவன் அவன். அவன் உயர உயரத் தந்தை நிலைகுலைகிறார். உரிமையில்லாத நிலத்தில் வீடு கட்ட முனைந்து, மனம் பேதலித்து, இறுதியில் அவ்வீட்டோடு தம்மையும் எரித்துக்கொள்கிறார். நாவல் ஒரு கவிதையோடு நிறைவடைகிறது. சொற்கள் கைகொடுக்காமற் போகும் நிலையே அக்கவிதையின் பொருளாகும்.

நாவலுக்குள் ஓர் ஆங்கில வகுப்பு

இரவியின் ஆங்கில ஆசிரியையான மிஸ் நேன்சி இந்நாவலின் முக்கியப் பாத்திரங்களுள் ஒருவர். அவர் கற்பிப்பது மொழியை மட்டுமன்று. எவ்வாறு தூய்மையாக இருப்பது, எவ்வாறு நடந்துகொள்வது, எந்த வீட்டை வீடென எண்ணுவது என்பனவும் அவருடைய பாடத்தில் அடங்கும். ஐரோப்பியச் சிறார் கதைகளின் வழியே ஓர் உலகம் இரவியின் முன் விரிகிறது. அவ்வுலகில் சலவைத் தொழிலாளியின் மகனுக்கு இடமில்லை. ஆயினும் அவன் அதில் இடம்பெற விரும்புகிறான்.

ஒரு சொல்லைக் கற்பவன் அச்சொல் குறிக்கும் வாழ்க்கையையும் உடன் கற்கிறான். தன் வீட்டில் இல்லாத பொருளுக்குப் பெயர் தெரிந்துகொண்ட சிறுவன், தன் வீட்டில் உள்ள பொருளுக்கு அம்மொழியில் பெயரில்லை என்பதையும் அறிகிறான். பெயரில்லாதது தாழ்வானது என்னும் எண்ணம் எவரும் சொல்லாமலே அவனுள் பதிகிறது. சொல்வளப் பயிற்சியின் இப்பக்கத்தை மணியம் ஆராய்ச்சியுரையாக எழுதவில்லை; ஒரு வகுப்பறைக் காட்சியாகக் காட்டியுள்ளார். அதனாலேயே அது ஆசிரியர்களாகிய நம்மைத் தைக்கிறது.

தந்தையின் இறுதிக்கால மொழியும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. தமிழ், மலாய், சீனம் எனப் பல மொழிச் சொற்கள் கலந்த ஓர் உச்சாடனமாக அவருடைய பேச்சு மாறுகிறது. மகன் ஒரு மொழியை இலக்கணப் பிழையின்றிக் கற்று உயர்கிறான். தந்தையோ எந்த மொழியிலும் அடங்காத ஒன்றனைப் பேசி அழிகிறார். அப்பேச்சைக் கேட்டு மகன் கூசுகிறான். பிழையற்ற மொழி பெற்றவன் பிழைபட்ட மொழியில் பேசும் தந்தையைப் புரிந்துகொள்ள இயலாமற் போவதே நாவலின் உள்ளீடான துயரம் எனலாம்.

பயிற்சிநூல் கண்ட நாவல்

இத்தகைய நாவல் தேர்வுப் பயிற்சிக்கு உட்பட்டபோது நேர்ந்தது என்ன? அக்காலத்துப் பயிற்சிநூல்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பைக் கொண்டிருந்தன. அத்தியாயச் சுருக்கம், கதைமாந்தர் பண்புகள், கருப்பொருள், பின்னணி, நன்னெறிப் பண்புகள், மாதிரி வினா விடை என்பன அவ்வமைப்பின் உறுப்புகள். இரவி விடாமுயற்சி உடையவன், பெரியதாய் உழைப்பாளி, கண்ணன் பிடிவாதக்காரர். கல்வி வாழ்வை உயர்த்தும் என்பது நாவல் கூறும் நன்னெறி. விடைத்தாளில் இவற்றை எழுதி, நூலிலிருந்து இரண்டு சான்றுகள் காட்டினால் புள்ளிகள் கிடைத்துவிடும்.

இக்கூற்றுகள் பொய்யல்ல. ஆனால் இவை நாவலின் பாதியே ஆகும். 'இரவியிடம் நீர் போற்றும் பண்பு யாது?' என்னும் வினா, போற்றத்தக்க பண்பு உண்டு என்னும் முடிவோடு பிறக்கிறது. இரவி தன் தந்தையைக் கண்டு நாணும் இடங்களை அவ்வினாவின் கீழ் எழுத இயலாது. கல்வி உயர்த்தும் என்னும் நன்னெறியை எழுதிய மாணவர், அதே கல்வி இரவிக்கும் தந்தைக்கும் இடையே எழுப்பிய சுவரை எங்கே எழுதுவார்? நாவல் ஐயமாக விட்டதைப் பயிற்சிநூல் அறிவுரையாக முடித்துவிடுகிறது.

இலக்கணப் பயிற்சியும் இதனின் வேறுபட்டதன்று. தன்மைக் கூற்றைப் படர்க்கைக்கு மாற்றுதல் வகுப்பறையில் வழக்கமான பயிற்சி. இந்நாவலின் ஒரு பகுதியை அவ்வாறு மாற்றினால் வாக்கியம் பிழையின்றி அமையும்; பொருள் சிதைந்துவிடும். கதை கூறுபவன் ஆங்கிலக் கல்வி பெற்று முடித்த இரவி. அவனுடைய சீரான ஆங்கிலமே அவன் இழந்தவற்றுக்குச் சான்றாக நிற்கிறது. 'நான்' என்னும் சொல்லை நீக்கினால் அச்சான்று மறைந்துபோகும். தன்மைக்கும் படர்க்கைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு ஆசிரியர்க்குக் கிட்டுமா என்பது ஐயமே. ஆனால் பயிற்சித்தாள் அதனை மாற்றெழுதும் வாக்கியமாக மட்டுமே கண்டது.

தமிழ் அறிந்தவர் மட்டும் காண்பவை

சொற்பொருள் பட்டியலில் பெரியதாய் என்பதற்குப் பாட்டி என்று பொருள் எழுதினால் போதும் எனக் கருதப்படலாம். தமிழாசிரியர் இங்கே தயங்குவார். தமிழ் வழக்கில் பெரியதாய், பெரியம்மா முதலியவை பொதுவாகத் தாயின் தமக்கையையோ, தந்தையின் தமையன் மனைவியையோ குறிக்கும் முறைச்சொற்கள். பாட்டிக்கு இப்பெயர் வழங்குவது உறவுமுறையை மட்டும் சுட்டாமல், குடும்பத்தில் அவள் வகித்த தலைமையையும் சுட்டுகிறது. ஆண் துணையின்றிக் கடல் கடந்து வந்து ஒரு குடியை நிலைநிறுத்திய பெண்ணுக்கு அப்பெயரே பொருந்தும்.

அவ்வாறே இரவி தந்தையைக் குறிக்கும் நைனா என்னும் சொல் தெலுங்கோடு தொடர்புடையது. தமிழகத்திலும் மலேசியாவிலும் சில சமூகத்தாரின் வீட்டு மொழியில் வழங்குவது. இச்சொல் அக்குடும்பத்தின் வேரையும் புலம்பெயர்ந்த வழியையும் ஒருங்கே காட்டுகிறது. அதனை ஆங்கிலத்திற்கு மாற்றாமல் மணியம் விட்டுவைத்தது, மொழிபெயர்த்தால் இழக்கப்படும் ஒன்று அதில் உண்டு என்பதனாலேயே எனலாம். இவற்றை ஆங்கில ஆசிரியர் தனித்து விளக்க இயலாது. தமிழாசிரியரின் துணை வேண்டும். ஆயின் ஒரே பள்ளியின் இரு மொழியாசிரியர்கள் ஒரு நூலைக் குறித்து உரையாடும் வாய்ப்பைத் தேர்வு அட்டவணை தருவதில்லை.

பினாங்கு வாசகர்க்கு இந்நாவல் தொலைவிலுள்ள ஊரின் கதையன்று. பீடோங் அண்டை மாநிலத்து நகரம். ஜார்ஜ்டவுனில் ஆயர் ஈத்தாம் ஆற்றை ஒட்டி 'டோபி காட்' எனப் பெயர்பெற்ற பகுதி உண்டு. தமிழ்ச் சலவைத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்த இடம் அது. 1816இல் தோற்றுவிக்கப்பட்ட பினாங்கு ஃபிரீ ஸ்கூலும் இதே நகரில்தான் உள்ளது. இந்நாட்டு ஆங்கிலக் கல்வியின் தொடக்கமும், அக்கல்வியை வாயிலில் நின்று நோக்கிய உழைப்பாளர் குடியிருப்பும் ஒரே நகரின் இரு முனைகள். இரவியின் பயணம் இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்ட பயணத்தை ஒத்ததே. இத்தொடர்பை மாணவர்க்குச் சுட்டிக்காட்ட ஒரு வகுப்பு நேரமே போதும்.

தேர்வின் பக்க நியாயம்

தேர்வுப் பயிற்சியை முற்றிலும் பழித்தல் நேர்மையாகாது. ஆங்கிலப் பாடத்தில் பெறும் தேர்ச்சி உயர்கல்விக்கும் வேலைக்கும் வாயிலாக உள்ளது. தமிழ்ப்பள்ளியிலிருந்து மூன்று மொழிகளைச் சுமந்து இடைநிலைப்பள்ளிக்கு வரும் மாணவர்க்கு மாதிரி வினா விடை ஒரு கைத்தடி. பெற்றோர் சிரமப்பட்டுக் கட்டணம் செலுத்தி அனுப்பும் பிரத்தியேக வகுப்பில், நாவலின் உட்பொருளைப் பேசிக்கொண்டிருக்க ஆசிரியர்க்கு நேரமில்லை. தம் மகன் இரவியைப் போல் உயர வேண்டும் என்பதே அப்பெற்றோரின் விருப்பமும் ஆகும். அவ்விருப்பத்தைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

மேலும், தேர்வு இல்லாதிருந்தால் இந்நாவலை எத்தனை மாணவர் தொட்டிருப்பர்? தமிழ்க் குடும்பத்தின் கதையை மலாய், சீன மாணவரும் வகுப்பில் அமர்ந்து படித்தனர் என்றால், அதற்குக் காரணம் தேர்வே. 2010ஐ ஒட்டிப் பாடநூல்கள் மாற்றப்பட்டபோது 'தி ரிட்டர்ன்' விலகியது. 2021ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து எஸ்.பி.எம். ஆங்கிலம் ஐரோப்பிய மொழித்தர அளவீட்டை ஒட்டிப் புதிய அமைப்பைப் பெற்றது. நாவலுக்கெனத் தனி வினா இன்று அதில் இல்லை. நாவலைச் சுருக்கிய தேர்வு விலகிற்று. அத்தேர்வு கொண்டுவந்து சேர்த்த வாசகரும் உடன் விலகினர். முழுமையாக வாசிக்கத் தடையேதும் இல்லாத இக்காலத்தில் வாசிப்போர் அருகியுள்ளனர் என்பதே வருத்தத்திற்குரியது.

நம் பக்கக் குறையும் உண்டு. மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றை வரையும்போது தமிழில் எழுதப்பட்டவற்றோடு எல்லை வகுத்துக்கொள்கிறோம். அதனால் மணியம் நமக்கு ஆங்கிலத் துறையினர். அவர்களுக்கோ அவர் தமிழ் வாழ்வை எழுதியவர். அன்றியும், ஆங்கிலப் பயிற்சிநூலைப் பற்றி மேலே கூறிய குறை தமிழ் இலக்கியத் தேர்வுக்கும் பொருந்தும். கவிதையின் மையக்கருத்து, துணைக்கருத்து, அணிநயம் எனக் குறிப்பெழுதி மனனம் செய்விக்கும் பழக்கம் நம் வகுப்புகளிலும் வேரூன்றியதே.

முடிவுரை

தேர்வுப் பயிற்சிக்கும் இலக்கிய வாசிப்புக்கும் பகை இயல்பானதன்று. ஒரு சொல்லின் பொருளை எழுதச் சொல்லும் பயிற்சியோடு, அச்சொல்லுக்கு நிகரான வீட்டுச் சொல் யாது என்னும் வினாவையும் சேர்க்கலாம். தன்மைக் கூற்றைப் படர்க்கைக்கு மாற்றச் சொன்னபின், அதனால் இழந்தது யாது எனக் கேட்கலாம். கதைமாந்தரிடம் போற்றும் பண்பைக் கேட்டபின், அப்பண்பால் புண்பட்டவர் யார் என்று வினவலாம். இம்மூன்றும் கூடுதல் நூலோ கருவியோ வேண்டாதவை, மொழித்திறனையும் குறைக்காதவை.

'தி ரிட்டர்ன்' இன்று எத்தேர்வுக்கும் உரிய நூலன்று. எனவே அதனை மீண்டும் வகுப்பறைக்குக் கொண்டுவருவது பாடத்திட்டத்தின் கடமையாக இராது. ஆசிரியரின் விருப்பத்தைப் பொறுத்தது. பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைகளும் ஆசிரியப் பயிற்சிக் கழகங்களும் இந்நாவலைத் தமிழ் வாழ்வின் ஆவணமாகத் தம் வாசிப்புப் பட்டியலில் சேர்த்தல் முதற்படியாகும். தந்தையின் மொழியைப் புரிந்துகொள்ளாமற் போன மகனின் கதையை, இரு மொழியும் அறிந்த ஆசிரியர்களாகிய நாமே படிக்காமல் விடுவோமாயின், அப்பிழைக்குத் தேர்வைக் காரணம் காட்ட இயலாது.