'குவிக்' என்னும் சொல்

சொற்களுக்கு என்றும் மாறாத பொருள் உண்டெனக் கருதுவோர் நம்மிடையே பலர். அகராதியில் இன்று காணும் பொருளே ஆதிமுதல் இருந்ததென்பது அவர்கள் எண்ணம். அன்னோர் ஆங்கிலத்திலுள்ள 'குவிக்' என்னும் சொல்லைச் சற்று ஆராய்வாராக.

இன்று அதற்கு 'விரைவான' என்பதே பொருள். பழைய ஆங்கிலத்திலோ 'உயிருள்ள' என்பதே பொருள். இலத்தீன் 'விவுஸ்', வடமொழி 'ஜீவ' ஆகியனவும் அதே வேரிற் பிறந்தவை. நாம் வழங்கும் 'சீவன்' வடமொழி வழியாக வந்த உறவு. உயிருள்ளது அசையும், அசைவதே விரையவும் வல்லது. இவ்வாறு, ஏறக்குறைய 1300-ஆம் ஆண்டளவில், விரைவுப் பொருள் தோன்றிற்று.

எனினும் பழம்பொருள் முற்றும் அழிந்திலது. பாதரசத்தை ஆங்கிலர் 'குவிக்சில்வர்' என்றது, அஃது உயிருள்ள வெள்ளிபோல் அசைந்தோடுவதால். நகத்தடியில் நோவுணரும் தசையும் 'குவிக்' எனப்படும். கருவிலுள்ள குழவியின் முதலசைவைத் தாய் உணர்வது 'குவிக்கனிங்'. 1611-ல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், தீர்ப்பைக் கூறுமிடத்தில், இச்சொல் மரித்தோர்க்கு எதிர்ச்சொல்லாய் நிற்கிறது. அங்கே 'விரைவோர்' எனப் பொருள் கொண்டால், தீர்ப்பு உயிரோடிருப்போர்க்கன்று, ஓட்டக்காரர்க்கே என்றாகிவிடும்!

ஆதலின், பழநூலைப் படிப்போரும் மொழிபெயர்ப்போரும் இன்றைய அகராதியை மட்டும் நம்புதல் தவறு. நூல் எழுந்த காலத்தில் அச்சொல் எவ்வாறு வழங்கிற்றென ஆராய்தல் வேண்டும். 'முன்னோர் சொன்னது' என மேற்கோள் காட்டுமுன், அம்முன்னோர் எதைக் கருதிச் சொன்னார் எனக் கேட்பதே அறிவுடைமை.