காதல் நாவலும் வீட்டுரிமையும்: ஒரு குறிப்பு

காதலைப் பொருளாகக் கொண்ட நாவல்களை முற்போக்கு விமர்சனம் பெரும்பாலும் வணிக இலக்கியம் என்ற ஒரே தீர்ப்போடு ஒதுக்கிவிடுகின்றது. தமிழ் வாசகர்களால், சிறப்பாகப் பெண்களால், மிகுதியாக வாசிக்கப்படும் ஓர் இலக்கிய வகையை இவ்வாறு ஒதுக்குவது வாசகரையே ஒதுக்குவதாகும். காதலிக்கும் இருவரும் ஒருவரையொருவர் மாற்றுகின்றனர் என்பதை நாம் நம்பத்தக்கவாறு காட்டும் நாவல் எது, அந்த நம்பகத்தன்மை எதிலிருந்து பிறக்கின்றது என்று வினவுவதே பயனுடையது.

ரமணிசந்திரனின் பெயரோடு இணைத்து அறியப்படும் குடும்பக் காதல் நாவலின் பொது அமைப்பு யாவரும் அறிந்ததே. செல்வமும் செருக்கும் உடைய ஆண்; தன்மானமும் பொறுமையும் உடைய பெண்; இடையில் ஒரு தப்பெண்ணம்; இறுதியில் அதன் நீக்கம். தப்பெண்ணம் நீங்குவதை மனமாற்றம் என்று வாசகர் ஏற்கின்றனர். ஆனால் வீடு யாருடையது, வருவாய் யாருடையது, முடிவெடுப்பவர் யார் என்பன முதல் அத்தியாயத்தில் இருந்தவாறே இறுதி அத்தியாயத்திலும் இருக்கின்றன. பெண் ஆணின் மாளிகைக்குள் நுழைகின்றாள், மாளிகை மாறுவதில்லை. உறவின் பொருளியல் அடித்தளம் அசையாதபோது உள்ளங்கள் மாத்திரம் மாறிவிட்டன என்று கூறுவது கருத்துமுதல்வாதக் கற்பனையே.

சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' (1847) இவ்வகையில் நினைவுகூரத்தக்கது. ஜேன் தன் சிறிய தந்தையிடமிருந்து வந்த 20,000 பவுணை நான்காகப் பங்கிட்டு 5,000 பவுணைத் தனக்கு வைத்துக்கொண்ட பின்னரே ரொச்செஸ்டரிடம் திரும்புகின்றாள். அவனோ மாளிகையைத் தீக்கு இழந்து, ஒரு கையையும் பார்வையையும் இழந்து நிற்கின்றான். எசமானும் ஆசிரியையும் என்ற உறவு குலைந்த பின்னரே மணவுறவு சாத்தியமாகின்றது. ஆசிரியை இதனைக் காதலின் வெற்றியாகக் கூறினாலும், கதையின் அமைப்பு சொத்துறவின் மாற்றத்தையே உணர்த்துகின்றது.

தமிழில் இதற்கு ஒப்பாகக் கருதத்தக்கது ஜெயகாந்தனின் 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்'. 1970களின் தொடக்கத்தில் வெளிவந்த இந்நாவலின் கல்யாணி தன் உழைப்பில் வாழும் நாடக நடிகை. பத்திரிகையாளனான ரங்கா மனைவியை இழந்தவன். ஒரு மகளுக்குத் தந்தை. மணத்தின் பின்னர் அவனே அவள் வீட்டுக்கு வந்து வாழ்கின்றான். பிணக்கு முற்றியதும் தன் பழைய இடத்துக்குத் திரும்புகின்றான். சிந்தனையில் முற்போக்கானவன் எனத் தன்னைக் கருதும் ஆண், மனைவியின் தற்சார்பைத் தாங்க முடியாது தடுமாறுவதை ஜெயகாந்தன் நுணுக்கமாகக் காட்டியுள்ளார். எனினும் கல்யாணியின் கால்கள் செயலிழந்த பின்னரே ரங்காவின் அன்பு பணிவிடையாக முதிர்கின்றது. அவன் கனிவதற்கு அவள் வீழவேண்டியிருந்தது. பிராண்டியின் நாவலில் ஆண் வீழ்கின்றான். இங்கே பெண் வீழ்கின்றாள். நிமிர்ந்து நிற்கும் இருவரிடையே சமத்துவம் மலர்வதைக் காட்ட இரு நாவல்களுக்கும் இயலவில்லை.

ஈழத்து நாவல்களுள் பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973) வேறொரு திசையைக் காட்டுகின்றது. இந்திய வெகுசன சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்த இந்நாவல் பரந்த வாசகர் கூட்டத்தை எட்டியது. தந்தையின் எதிர்ப்பை மீறிக் கதிராமனும் பதஞ்சலியும் வன்னிக் காட்டோரத்தில் தமது உழைப்பால் வாழ்வை அமைக்கின்றனர். அவர்களின் அன்பு நம்பத்தக்கதாக இருப்பதற்குக் காரணம் உரையாடலின் இனிமையன்று. இருவரின் உழைப்பும் ஒரே நிலத்தில் கலப்பதே. ஆயினும் பதஞ்சலியின் உலகை விரிப்பதற்கு வெளியிலிருந்து வரும் ஆசிரியர் சுந்தரலிங்கம் தேவைப்படுகின்றார். உழைப்பு இருவரையும் இணைக்கின்றது. அறிவோ மூன்றாமவரிடமிருந்து வருகின்றது. நாவலின் வலிமையும் எல்லையும் இதுவே.

இனி, இவ்வினா கிழக்கிலங்கைக்கு எவ்வாறு பொருந்தும் என நோக்குவோம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய முஸ்லிம் ஊர்களிலும், சொறிக்கல்முனை போன்ற கத்தோலிக்கச் சிற்றூர் உட்பட அயலிலுள்ள தமிழ்க் கிராமங்களிலும் வாழும் வாசகர், மேற்கூறிய மாளிகைக் கதைகளைத் தம் வாழ்வுக்கு நேர்மாறான சூழலில் வாசிக்கின்றனர். இக்கரையோரத்துத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் சீதன வீடு பெண்ணுக்கு உரியது; மாப்பிள்ளையே அவ்வீட்டுக்கு வருகின்றான். தாய்வழிக் குடி முறையோடு இணைந்த இவ்வழக்கைத் தென்னிந்தியக் கதைகளின் மருமகள் அறியாள். வயற்காவலின் தனிமையில் வளர்ந்த மட்டக்களப்பு மக்களின் கவிகளில் பெண் மறுமொழி கூறுகின்றாள், மறுக்கின்றாள், நிபந்தனை விதிக்கின்றாள். அக்குரலை இவ்வீட்டுரிமையிலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம்.

இவ்வழக்கை நாம் இலட்சியப்படுத்தவேண்டியதில்லை. சீதன வீட்டைக் கட்டுவதற்காகத் தகப்பனும் சகோதரரும் கடன்படுகின்றனர். மத்திய கிழக்கில் பெண்கள் தாமே பணிப்பெண்களாக உழைக்கின்றனர். வீடு பெண்ணுடையதாயினும் வயலும் கடையும் பெரும்பாலும் ஆணின் கையில் உள்ளன. அவ்வீட்டுரிமைகூட அரசின் ஏடுகளில் எளிதில் கரைந்துவிடுகின்றது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசு வரிசையில் ஆண்களை முற்படுத்தியது. 2022ஆம் ஆண்டிலேயே அது திருத்தப்பட்டது. 2004 டிசம்பர் 26ஆந் திகதிய கடற்கோளின் பின்னர் கட்டிக்கொடுக்கப்பட்ட வீடுகள் பல, 'குடும்பத் தலைவர்' என்ற கருத்தின் அடிப்படையில் கணவர்களின் பெயரில் பதியப்பட்டன. தலைமுறைகளாகத் தாயிடமிருந்து மகளுக்குச் சென்ற உரிமை ஒரு படிவத்தில் கைமாறியது.

கிழக்கின் காதல் நாவலுக்கு உரிய மோதல் இங்கேதான் கருக்கொண்டுள்ளது. தன் மனைவியின் வளவில் குடியிருந்தவன் திடீரென வீட்டின் உடைமையாளனாகின்றான். அவன் அதனை எவ்வாறு எதிர்கொள்கின்றான்? அவள் என்ன கேட்கின்றாள்? அப்பத்திரத்தை மீண்டும் அவள் பெயருக்கு எழுதிக்கொடுக்க அவன் முன்வருவானாயின், எந்த அனுபவம் அவனை அவ்விடத்துக்குக் கொண்டு வந்தது? அவளும், தாய் தந்த உரிமையைக் காப்பவளாக மட்டும் இராது, அவனது உழைப்பையும் அவ்வீட்டின் ஒரு பகுதியாகக் காணக் கற்பாளா? இவ்வினாக்களுக்கு வாழ்விலிருந்து விடை தேடும் நாவலில் இருவரும் மாறுவர். வாசகரும் அதனை நம்புவர்.

சொத்து நோக்கங்கள் அகன்ற பின்னரே ஆண் பெண் உறவு பரஸ்பர அன்பை மாத்திரம் ஆதாரமாகக் கொள்ளும் என எங்கெல்ஸ் 1884இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அந்நாள் வரும்வரை காதலைப் பற்றி நேர்மையாக எழுத விரும்பும் நாவலாசிரியர், காதலரின் வீட்டு உறுதியையும் வாசித்தாக வேண்டும்.