ஹெட்போனுக்குப் பொருத்தம் பார்ப்பது எப்படி?

நல்ல விலை கொடுத்து ஒரு ஹெட்போன் வாங்கியவருக்கு அடுத்து வருகிற சிபாரிசு பெரும்பாலும் ஒரு கேபிள். அதற்கடுத்து ஆம்ப்ளிஃபையர். காதில் உட்காரும் பேடைப் பற்றி, அது பிய்ந்து உதிரும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் ஒலியை எது அதிகம் மாற்றுகிறது என்று பார்த்தால் இந்த வரிசையை அப்படியே தலைகீழாகப் போடவேண்டும்: முதலில் பேட், பிறகு ஆம்ப், கடைசியில் கேபிள். ஒவ்வொன்றிலும் எதைக் கேட்கவேண்டும் என்று பார்ப்போம்.

கையில் ஒரு உதாரணம் இருந்தால் பேச்சு தெளிவாக இருக்கும். ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1997-இல் எச்.டி. 600 ஹெட்போனையும், 2003-இல் அதன் தம்பியான எச்.டி. 650-ஐயும் கொண்டுவந்தது. இரண்டுமே முதுகு திறந்தவை. இரண்டுக்கும் இம்பீடன்ஸ் என்கிற மின்மறுப்பு 300 ஓம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகில் வந்த ஏறக்குறைய எல்லா ஹெட்போன் ஆம்ப்களையும் யாராவது ஒருவர் இவற்றோடு பொருத்திக் கேட்டிருக்கிறார். ஜாதகம் நன்றாகத் தெரிந்த வரன். அதனால் பொருத்தம் பார்க்கப் பழகுவதற்கு எச்.டி. 650-தான் வசதி.

முதலில் எதைக் கேட்பது? டெமோ டிஸ்க்குகளில் வரும் கண்ணாடி உடையும் சத்தமும் ஹெலிகாப்டரும் வேண்டாம். அசல் எப்படி ஒலிக்கும் என்று காதுக்குத் தெரிந்த ஒன்று வேண்டும். கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு மிருதங்கத்தை விட நல்ல பரிசோதனைக் கருவி கிடையாது. ஒரே வாத்தியத்தில் இரண்டு எல்லைகள். இடப்பக்கத் தொப்பியில் ரவைப் பசை ஒட்டியிருக்கும். அதில் உள்ளங்கையை அழுத்தி இழுக்கும்போது வரும் கும்கி, ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும். பேஸ் வீங்கிய ஹெட்போனில் அந்த வழுக்கல் தெரியாது. 'தொம்' என்று ஒரே கட்டியாக விழும். பேஸ் மெலிந்த ஹெட்போனில் கும்கியே காணாமல் போய்விடும். வலந்தலையில் கரணையின் ஓரத்தில் விழும் சாப்புக்கு ஒரு கணீர் உண்டு. அது காதைக் குத்தினால் மேல்பகுதி தூக்கலாக இருக்கிறது. மரத்தைத் தட்டியதுபோல் இருந்தால் மேல்பகுதி மங்கியிருக்கிறது. பின்னால் தம்பூரா ஓடினால் இன்னும் நல்லது. குதிரையின் மேல் தந்திக்கு அடியில் செருகிய நூலால் எழும் அந்த ரீங்காரம் முழுக்க முழுக்க மேல் ஹார்மோனிக்குகள்தான். நல்ல பொருத்தத்தில் அது இழை இழையாகக் கேட்கும். மோசமான பொருத்தத்தில் ஒரு ஃபேன் இரைச்சல்.

மிருதங்கம் பழக்கமில்லாதவர்கள் இளையராஜாவின் பேஸ் கிட்டார் வரிகளை எடுத்துக்கொள்ளலாம். பாட்டின் மெட்டை விட்டுவிட்டு பேஸ் வரியை மட்டும் தனியாக முணுமுணுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் கீழ்ப்பகுதி சரியாக இருக்கிறது.

இப்போது பேடுக்கு வருவோம். எச்.டி. 650-இன் பேடை விரலால் ஒரு ஓரத்தில் நெம்பி இழுத்தால் 'டப்' என்று கழன்று வரும். உள்ளே ஒலிக்கூட்டை மூடியபடி மெல்லிய வட்ட ஸ்பாஞ்ச் ஒன்று இருக்கும். கழற்றிய பழைய பேடையும் ஒரு புதிய பேடையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதியது உப்பி நிற்கும். சில வருடம் தலையில் இருந்தது அமுங்கித் தட்டையாகிக் கிடக்கும். சில மில்லிமீட்டர்கள்தான் வித்தியாசம். ஆனால் ஒலி பிறக்கும் இடமான ட்ரைவருக்கும் காதுக்கும் நடுவில் இருப்பதே சில சென்டிமீட்டர்தான். பேட் அமுங்க அமுங்க ட்ரைவர் காதுக்கு நெருங்கி வருகிறது; பாடகர் மேடையிலிருந்து இறங்கி முகத்துக்கு எதிரே வந்து நிற்கிறார்; பக்கவாட்டு விரிவு சுருங்குகிறது. இது மெதுவாக நடப்பதால் யாருக்கும் உறைப்பதில்லை. 'இந்த ஹெட்போன் போரடித்துவிட்டது, ஆம்ப் மாற்றவேண்டும்' என்று தோன்ற ஆரம்பிப்பது பல நேரம் இந்தக் கட்டத்தில்தான்.

பேட் என்பது வெறும் மெத்தை அல்ல. காதுக்கும் ட்ரைவருக்கும் இடையில் இருக்கும் சின்ன அறையின் சுவர் அதுதான். சுவரில் ஓட்டை இருந்தால் முதலில் வெளியேறுவது பேஸ். தோல் பேட் காற்றை அடைத்து வைக்கும், பேஸ் நிற்கும். வெல்வெட் போன்ற வெலூர் துணி கொஞ்சம் கசியவிடும், கூடவே கொஞ்சம் ட்ரெபிளையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆடிஸி எல்.சி.டி. வரிசை போன்ற, மெல்லிய தட்டைச் சவ்வு அதிர்ந்து ஒலிக்கும் பிளேனார் ஹெட்போன்களிலும், முதுகு மூடிய ஹெட்போன்களிலும் இந்த அடைப்பு இன்னும் முக்கியம். தடித்த ஃப்ரேம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அவற்றைக் கேட்பவர், தான் காசு கொடுத்து வாங்கிய பேஸில் ஒரு பகுதியைக் கேட்பதேயில்லை. சந்தேகமிருந்தால் பாட்டு ஓடும்போதே கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள்.

பேடின் வலிமையை நேரில் காண விரும்புகிறவர்களுக்கு நியூயார்க்கின் புரூக்ளினில் 1953-இல் ஜோசப் கிராடோ தொடங்கிய கிராடோ நிறுவனத்தின் ஹெட்போன்கள் நல்ல பாடம். காதின் மேல் தட்டையாக உட்காரும் ஸ்பாஞ்ச், கிண்ணம்போல் குழிந்த ஸ்பாஞ்ச், காதையே சுற்றி அணைக்கும் பெரிய ஸ்பாஞ்ச் என்று மூன்று வகை உண்டு. ஒரே ஹெட்போனில் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டால் மூன்று ஹெட்போன்கள் மாதிரி இருக்கும். சிகாகோவின் இசட்.எம்.எஃப். நிறுவனம் இதை மறைக்காமல், தோல், துணி, துளையிட்டது, துளையிடாதது என்று பேட்களையே சுதிகூட்டும் கருவியாக விற்கிறது. ஓர் ஆம்ப் ஹெட்போனை இந்த அளவுக்கு மாற்றுவது அபூர்வம்.

அதற்காக, கிடைத்த பேடையெல்லாம் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். எச்.டி. 650-ஐத் தயாரித்தவர்கள் அந்த வெலூரையும் அந்த உயரத்தையும் கணக்கில் வைத்துத்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். அதில் தடித்த ஆட்டுத்தோல் பேட் போட்டால் பேஸ் கூடும், உண்மை. மிட் என்கிற நடுப்பகுதி, அதாவது அந்த ஹெட்போனை வாங்கவே காரணமான குரலின் இயல்பு, கலைந்துபோகும். நம் ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கடலோர நகரங்களின் புழுக்கத்தில் செயற்கைத் தோல் சீக்கிரமே செதில் செதிலாக உரிந்து கழுத்தெல்லாம் கறுப்புத் துகளாக ஒட்டும். வெலூர் வியர்வையைக் குடிக்கும். ஆனால் கழற்றி, மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்திக்கொள்ளலாம்.

ஆம்ப் விஷயத்தில் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. போதுமான சக்தி இருக்கிறதா? அதன் வெளியீட்டு இம்பீடன்ஸ் எவ்வளவு?

சக்தியை வாட் கணக்கில் விளம்பரம் செய்வார்கள். அதை நம்பி ஏமாறவேண்டாம். எச்.டி. 650, 1 வோல்ட் கிடைத்தால் 103 டெசிபல் சத்தம் தரும். திடீரென்று உயரும் உச்சங்களுக்காக 110 டெசிபல் வேண்டுமென்றால் ஏறத்தாழ 2.2 வோல்ட் தேவை. சக்தியாகப் பார்த்தால் 17 மில்லிவாட்தான். இதற்கு வேண்டியது வோல்ட்டேஜ், மின்னோட்டம் அல்ல. எதிர்ப்பக்கம் ஹைஃபைமேன் எச்.இ.-6 இருக்கிறது. 50 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான். அதே 110-ஐத் தொட அதற்கு 450 மில்லிவாட் அளவு வேண்டும். அதனால்தான் அந்த ஹெட்போனை ஸ்பீக்கர் ஆம்ப்பிலேயே நேராக இணைத்துக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். போனில் செருகும் சின்ன டாங்கிள் எச்.டி. 650-ஐ வீட்டுக்குள் கேட்கும் அளவுக்கு ஓட்டிவிடும், எச்.இ.-6-இடம் அது திணறும். சக்தி போதாததை எப்படிக் கண்டுபிடிப்பது? தனி ஆவர்த்தனத்தின் கோர்வை உச்சத்துக்குப் போகும்போது அடிகள் கூர்மை இழந்து ஒன்றோடொன்று அப்பிக்கொண்டால், வால்யூம் குமிழை முழுக்கத் திருப்பியும் இன்னும் கொஞ்சம் வேண்டும்போல் இருந்தால், சக்தி போதவில்லை. போதுமான அளவு கிடைத்த பிறகு மேற்கொண்டு எத்தனை வாட் கூட்டினாலும் காதுக்கு ஒன்றும் கிடைக்காது.

இரண்டாவது கேள்விதான் சுவையானது. 'வால்வ் ஆம்ப்பின் இளஞ்சூடு' என்று சிலாகிக்கிறார்களே, அதில் ஒரு பங்கை பேப்பரில் கணக்குப் போட்டே காட்டிவிடலாம். எச்.டி. 650-இன் இம்பீடன்ஸ் பெயருக்குத்தான் 300 ஓம். 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் அது 500 ஓம் அளவுக்கு எழும்பி நிற்கும். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வ் ஆம்ப்களில், உதாரணமாக வீட்டிலேயே பற்றவைத்துச் செய்துகொள்ளும் பாட்டில்ஹெட் கிராக்கில், வெளியீட்டு இம்பீடன்ஸ் சுமார் 120 ஓம். இந்த இரண்டும் சேர்ந்தால் இம்பீடன்ஸ் அதிகமுள்ள இடத்துக்கு அதிக வோல்ட்டேஜ் போகும். விளைவு: மேல்பேஸ் பகுதி மற்றதைவிட ஒரு டெசிபல் தூக்கலாகும். ஒரு டெசிபல்தானே என்று எண்ணவேண்டாம். மிருதங்கத்தின் தொப்பிக்கும் ஆண்குரலின் மந்திர ஸ்தாயிக்கும் அது கொஞ்சம் சதை போட்டுவிடும். வால்வின் சொந்தத் திரிபும் இதில் சேரும். எனக்கு இந்த ஜோடி பிடிக்கும். 'தூய்மை கெட்டது' என்று மூக்கைச் சுளிப்பவர்களோடு சண்டைக்கும் போகமாட்டேன். ஆனால் அதே ஆம்ப்பில் ஒரு 32 ஓம் ஹெட்போனைச் செருகினால் கதை வேறு. அதன் இம்பீடன்ஸ் பேஸில் 60 ஓம் வரை எழும்புவதாக வைத்துக்கொண்டால், தூக்கல் நான்கு டெசிபலுக்கு வந்துவிடும். அது இளஞ்சூடு அல்ல, சேறு. பிளேனார் ஹெட்போன்களில் இம்பீடன்ஸ் ஏறி இறங்காமல் சமமாக இருப்பதால் இந்த நிறமாற்றம் நடக்காது, சக்திதான் வீணாகும்.

நிறமே வேண்டாம், உள்ளது உள்ளபடி வரட்டும் என்பவர்களுக்கு ஒரு கட்டைவிரல் கணக்கு உண்டு: ஆம்ப்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ், ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கவேண்டும். இதைப் பரவலாக்கியவர் 'என்.டபிள்யூ.ஏ.வி. கை' என்ற புனைபெயரில் எழுதிய ஒரு பொறியாளர். 2011-இல் ஓ2 என்ற ஆம்ப்பை வடிவமைத்து, அதன் முழு வரைபடத்தையும் இலவசமாக வெளியிட்டார். விலையுயர்ந்த ஆம்ப்களின் அளவீடுகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார். 2012-இல், தான் யாரென்று சொல்லாமலே எழுதுவதை நிறுத்திவிட்டார். ஹெட்போன் உலகின் நல்ல மர்மக்கதை அது.

கேபிளுக்கு அதிக இடம் தேவையில்லை. வெள்ளி, செம்பைவிடச் சுமார் 6 சதவீதம்தான் சிறந்த கடத்தி. கேபிளின் மின்தடை அரை ஓம் என்றே வைத்துக்கொண்டாலும், 300 ஓம் ஹெட்போனில் அது குறைக்கும் சத்தம் 0.015 டெசிபல். மனிதக் காதுக்கு அது எட்டாது. சில ஓம்களுக்கு இறங்கி ஏறும் இம்பீடன்ஸ் கொண்ட, பல ட்ரைவர்கள் வைத்த இயர்போன்களில் மட்டும் கேபிளின் மின்தடை கொஞ்சம் எட்டிப்பார்க்கும். மற்றபடி கேபிளில் பார்க்கவேண்டியது சட்டைமேல் உரசினால் கூட்டுக்குள் கரகரக்கிறதா, நாற்காலி வரை நீளம் போதுமா, முனை லூசாகாமல் நிற்கிறதா என்பதுதான். '4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு கேபிள் போட்டதும் மேடையே திறந்தது' என்பவரின் அனுபவம் பொய்யல்ல. பல ஆம்ப்களில் அந்தத் துளையில் வோல்ட்டேஜ் இரட்டிப்பாக வரும். 6 டெசிபல் கூடும். திறந்தது வால்யூம்.

எந்த ஒப்பீட்டிலும் காதை ஏமாற்றும் முதல் வில்லன் இந்த வால்யூம்தான். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பது, சத்தமாக அல்ல, 'சிறப்பாக' இருப்பதாகவே நமக்குப் படும். அதனால் இரண்டு ஆம்ப்களை ஒப்பிடும்முன் ஒரு சாதாரண மல்டிமீட்டரை எடுங்கள். ஏ.சி. வோல்ட்டில் வையுங்கள். ஹெட்போன் செருகியிருக்கும்போதே 400 ஹெர்ட்ஸ் சுருதி ஒன்றை ஓடவிட்டு, இரண்டு ஆம்ப்பிலும் வெளியீடு ஒரே வோல்ட்டேஜ் காட்டும்படி குமிழைத் திருப்புங்கள். ஒரு சதவீதத்துக்குள் வந்தால் போதும். பிறகு வீட்டில் ஒருவரை, எது எதுவென்று சொல்லாமல் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆரவாரமாகப் புகழப்பட்ட வித்தியாசங்களில் பாதி இந்த இடத்திலேயே கரைந்துவிடும். மிஞ்சுவது உண்மையான வித்தியாசம். அதை நிம்மதியாக ரசிக்கலாம். பேட்களை இப்படிக் கண்மறைவாக ஒப்பிட முடியாது, தொட்டாலே தெரிந்துவிடும். அவற்றுக்கு அவசரமில்லாமல் சில நாட்கள் கொடுங்கள்.

குறையைப் பொருத்தத்தால் மூடிமறைக்கும் ஆசையும் எல்லோருக்கும் வரும். சென்ஹைசர் எச்.டி. 800 வெளிவந்தது 2009-இல். அதன் 6 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு கூர்மை. நாகஸ்வரப் பதிவுகளைக் கேட்டால் பற்கள் கூசும். இளஞ்சூடான ஆம்ப், கனமான செம்புக் கேபிள் என்று வாங்கிக் குவித்தவர்கள் உண்டு. கடைசியில் 2016-இல் நிறுவனமே எச்.டி. 800 எஸ் மாடலில் ட்ரைவருக்குள் ஒரு உறிஞ்சி வைத்துத்தான் அதை அடக்கியது. பழைய மாடல் வைத்திருப்பவர், கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் ஈக்வலைசரில் அந்த இடத்தை மட்டும் சில டெசிபல் இறக்கினால் ஆம்ப் விலை மிச்சம்.

உங்களிடம் இருப்பது எந்த ஹெட்போனாக இருந்தாலும் சரி, இன்று இரவே பேடைக் கழற்றிப் பாருங்கள். விரலால் அழுத்தி விட்டால் திரும்ப எழுந்து நிற்கவில்லை என்றால், அதே நிறுவனத்தின் அசல் பேட் ஒரு ஜோடி வாங்கிப் போடுங்கள். ஆம்ப்பைப் பற்றிய முடிவை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.