பூஜ்யம் வேறு, காலிக் கட்டம் வேறு

2019, 2020 இரண்டு வருடமும் நான் சூரியப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பெரிய ஏற்பாடெல்லாம் இல்லை. ஒரு சின்னத் தொலைநோக்கி, அதன் பின்னால் ஒரு வெள்ளை அட்டை. சூரியனின் பிம்பம் அட்டையில் விழும், பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வேன். (தொலைநோக்கி வழியா சூரியனை நேரடியா பார்க்கவே கூடாது, கண் போயிடும். எத்தனை தடவை சொன்னாலும் தகும்.) சூரியன் அடங்கிக் கிடந்த காலம் அது. வாரக்கணக்கில் அட்டையில் ஒரு புள்ளிகூட விழாது.

சமீபத்தில் அந்த நோட்டை எக்செல்லில் ஏற்றினேன். நடுநடுவே எதுவும் எழுதாத நாட்கள் நிறைய இருந்தன. மேகம் மூடிய நாள், ஊருக்குப் போன நாள், சும்மா சோம்பலில் விட்ட நாள். காலியா இருந்த கட்டங்களை எல்லாம் மொத்தமா 0 என்று நிரப்பிட்டேன். எப்படியும் புள்ளி இருந்திருக்காது என்ற நினைப்புதான். வரைபடம் சீரா, அழகா வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: பார்க்காத நாளுக்கு நான் எப்படி பூஜ்யம் போட்டேன்?

இதே தவறு, எனக்குப் பல வருடம் முன்பே, இந்தத் துறையின் மிக முக்கியமான ஒரு ஆய்விலும் நடந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் பின்னணி. சூரியப் புள்ளிகளை எண்ண இன்றுவரை பயன்படும் கணக்கு, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சுவிட்சர்லாந்தின் ருடால்ஃப் வுல்ஃப் போட்டது. புள்ளிக் கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, தனிப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டணும். பிறகு, பார்ப்பவருக்கும் அவர் கருவிக்கும் ஏற்ற ஒரு திருத்த எண்ணால் பெருக்கணும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே ஒரு புள்ளி தெரிந்தாலும் அது ஒரு கூட்டம், ஒரு புள்ளி; ஆக 10 + 1 = 11. திருத்த எண்ணுக்கு முன்னால், பூஜ்யத்துக்கு அடுத்த எண் ஒன்று இல்லை, பதினொன்று! சூரியன் கொந்தளிக்கிற வருடங்களில் இது பெரிய விஷயமில்லை. அடங்கிய காலத்தில், இருக்கா இல்லையா என்ற அந்த ஒரு முடிவுதான் எல்லாமே.

1998-ல் டக்ளஸ் ஹோய்ட், கென்னத் ஷாட்டன் இருவரும் வேறொரு வழியில் போனார்கள். பழைய தொலைநோக்கிகளில் சின்னப் புள்ளிகள் தெரியாது, ஆனா கூட்டங்கள் தெரியும். அதனால கூட்டங்களை மட்டும் எண்ணுவோம் என்றார்கள். நல்ல யோசனை. 1610 முதல் 1995 வரை, 460-க்கும் மேற்பட்டவர்கள் எழுதி வைத்த குறிப்புகளைத் தேடிச் சேர்த்தார்கள். நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். நூலகம் நூலகமாகத் தேடியிருப்பார்கள். இந்த உழைப்பைக் குறை சொல்ல எனக்குத் தகுதியே இல்லை.

பிரச்சினை பூஜ்யங்களில் இருக்கிறது.

ஜெர்மனியின் சைமன் மாரியஸ் 1619-ல் ஒரு குறிப்பு எழுதினார். ஒன்றரை வருடமாகப் புள்ளிகள் குறைவாக இருக்கின்றன, பல தடவை ஒன்றுகூடத் தெரிவதில்லை என்பது அதன் சாரம். கவனிங்க, குறைவு என்றுதான் சொல்கிறார், அடியோடு இல்லை என்று சொல்லவில்லை. தொகுப்பில் இது எப்படி ஏறியது? 1617 நடுவிலிருந்து 1618 கடைசி வரை நாள்தோறும் பூஜ்யமாக! ஒரு பொதுவான வாக்கியம் நூற்றுக்கணக்கான தனித்தனி நாள் பதிவுகளாக மாறிவிட்டது.

இன்னொரு வகை இதைவிடச் சிக்கலானது. நண்பகலில் சூரியனின் உயரத்தை அளப்பது அந்தக் காலத்து வானியலாளர்களின் அன்றாட வேலை. ஹெவேலியஸ் செய்தார், போலோன்யா நகரத்து சான் பெட்ரோனியோ தேவாலயத்தில் கூரைத் துளை வழியே தரையில் விழும் சூரிய பிம்பத்தை வைத்தும் செய்தார்கள். அவர்கள் தேடியது கோணத்தை, புள்ளியை இல்லை. புள்ளி பற்றி ஒன்றும் எழுதாத நாளை, புள்ளி இல்லாத நாள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

இதை 2014-ல் ஹோசே வாக்கேரோவும் கயேகோவும் சோதித்துப் பார்த்தார்கள். ஸ்பெயின் கடற்படை வானாய்வகத்தில் 1833 முதல் 1840 வரை நண்பகல் உயரம் அளந்தவர்கள், கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் எப்போதாவது புள்ளிகளைப் பற்றியும் குறித்திருக்கிறார்கள். அதே வருடங்களுக்கு வேறு நம்பகமான எண்ணிக்கைகள் இருப்பதால் ஒப்பிட முடிந்தது. 1837-ஐ ஒட்டி சூரியன் உச்சத்தில் இருந்த காலம் அது. அவர்கள் வந்த முடிவு, இந்த மாதிரி அளவீடுகளை வைத்துப் பழைய சூரியனை எடைபோடுவதானால் மிக மிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது. உயரம் அளப்பவர் புள்ளியைப் பார்த்தாலும் எழுதணும் என்ற கட்டாயம் இல்லையே.

இங்கே நியாயமா ஒன்று சொல்லணும். இந்தப் பிழையை எடுத்துக்கொண்டு, 1645 முதல் 1715 வரையிலான மௌண்டர் சிறுமமே கற்பனை என்று சொல்லக் கிளம்பினால் அது இன்னொரு தவறு. 1976-ல் ஜான் எடி அந்தக் காலத்தை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோது, புள்ளிக் குறிப்புகளை மட்டும் நம்பவில்லை. வடதுருவ ஒளிகள் பற்றிய பதிவுகள், முழு கிரகணத்தில் தெரியும் ஒளிவட்டத்தின் வருணனைகள், மர வளையங்களில் உள்ள கார்பன்-14 என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத சாட்சிகளைக் கொண்டுவந்தார். 1671-ல் காசினி ஒரு புள்ளியைப் பார்த்தது அன்றைக்கு அச்சில் வரக்கூடிய செய்தியாக இருந்தது. ஆட்கள் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி. வாக்கேரோ, உசோஸ்கின் முதலானோர் சந்தேகமான பூஜ்யங்களைக் கழித்துவிட்டு 2015-ல் கணக்குப் போட்டபோதும் மௌண்டர் சிறுமம் அப்படியே நின்றது. ஆழம் எவ்வளவு, எந்த வருடம் எவ்வளவு என்ற விவரங்கள்தான் மாறின. ஹோய்ட்டும் ஷாட்டனும் மூலப் பதிவுகளைத் திறந்து வைத்ததால்தான் மற்றவர்களால் திருத்த முடிந்தது. அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

இதெல்லாம் பழைய கதை, இப்போதுதான் செயற்கைக்கோள் இருக்கே என்று தோணும். 2008 ஆகஸ்ட்டைப் பாருங்க. 1913-க்குப் பிறகு புள்ளியே இல்லாத முதல் மாதம் என்று செய்திகள் வந்தன. அமெரிக்கக் கணக்குப்படி பூஜ்யம்தான். ஆனா உலக எண்ணிக்கையைப் பராமரிக்கும் பெல்ஜிய மையம் அந்த மாதத்துக்கு 0.5 என்று வெளியிட்டது. 21, 22 தேதிகளில் இத்தாலியின் கட்டானியா வானாய்வகத்தில் ஒரு துணுக்குப் புள்ளியைப் பார்த்திருந்தார்கள். யார் பொய்? யாருமில்லை. எவ்வளவு சிறியதைப் புள்ளி என்று ஏற்பது, எந்த நேரத்தில் பார்ப்பது என்ற விதி இரண்டு இடத்திலும் வேறு.

ஃபிளேர் விஷயத்திலும் இதேதான். எக்ஸ் கதிர் வலிமையை வைத்து A, B, C, M, X என்று வகை பிரிப்பார்கள். ஒவ்வொரு படியும் முந்தையதைப்போல் பத்து மடங்கு. 2019-20-ல் தினசரி அறிக்கைகள் பெரும்பாலும் ஒன்றுமில்லை என்றே சொல்லின. அதே காலத்தில் நிலவைச் சுற்றிய சந்திரயான்-2-ல், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் செய்த எக்ஸ்எஸ்எம் என்ற கருவி சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தது. புள்ளிப் பகுதிகள் எதுவுமே இல்லாத 76 நாட்களில், A வகைக்கும் கீழே, 98 குட்டி ஃபிளேர்களைப் பிடித்தது. நான் நோட்டில் 0 எழுதிய நாட்களும் அந்தக் காலத்தில்தான் வருகின்றன. என் பூஜ்யம் பொய்யில்லை. என் அட்டையில் ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் அதன் முழு அர்த்தம். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? சூரியன் அடங்கும் ஒவ்வொரு தடவையும், இதோ குட்டிப் பனியுகம் வரப்போகுது என்று யாராவது ஆரம்பிக்கிறார்கள். அந்த வாதமெல்லாம் கடைசியில் இந்தப் பூஜ்யங்கள் மேல்தான் உட்கார்ந்திருக்கு. 25-வது சுழற்சியும் பலவீனமா இருக்கும், உச்சம் 115 அளவில் நிற்கும் என்று 2019-ல் நிபுணர் குழு கணித்தது. 2024 கடைசியில் அது 160-ஐத் தொட்டது. அடங்கிய காலம் பாதுகாப்பான காலமும் இல்லை. 23-வது சுழற்சி இறங்கிக்கொண்டிருந்த 2006 டிசம்பர் 5 அன்று X9 ஃபிளேர் ஒன்று வெடித்தது.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த முன்மாதிரி கொடைக்கானல். 1904-லிருந்து அங்கே சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். படத்தில் புள்ளி இல்லை என்றால் அது பூஜ்யம். அந்தத் தேதிக்குப் படமே இல்லை என்றால் மேகமோ மழையோ, அது காலி. இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது.

என் எக்செல்லில் இப்போது நான் போட்ட பூஜ்யங்களை எல்லாம் அழித்துவிட்டேன். பார்த்து, ஒன்றும் தெரியாத நாளுக்கு 0. மேகத்துக்கு 'மே'. பார்க்காத நாள் காலி. பக்கத்தில் இன்னொரு பத்தி சேர்த்தேன்: எத்தனை மணிக்குப் பார்த்தேன், காற்று எப்படி இருந்தது. வரைபடம் இப்போ ஓட்டை ஓட்டையா இருக்கு. அப்படியே விட்டுட்டேன்.