ஆவி ஏன் தெலுங்கு பேசுகிறது?

'சந்திரமுகி'யை (2005) பேய்ப்படம் என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். 'அதுல பேயே இல்லியேப்பா, மனநோய்தானே' என்கிறார்கள். எனக்குச் சிக்கலே அங்கேதான்.

வேட்டையன் என்கிற அரசன் விஜயநகரத்து ஆடல்காரி ஒருத்தியைப் பலவந்தமாகக் கொண்டுவருகிறான். அவள் காதலன் தலையை அவள் கண்முன்னே வெட்டுகிறான். அவளை உயிரோடு கொளுத்துகிறான். பழி கேட்க அவளுக்கு முழு நியாயம் உண்டு. பிரதியோ அந்த நியாயத்தைக் கங்கா என்கிற குடும்பப்பெண்ணின் உடலுக்குள் இறக்கி, நோய் என்று பெயர் வைத்துவிடுகிறது. நோய் என்று ஆனபிறகு வேட்டையனை விசாரிக்க வேண்டியதில்லை, கங்காவைக் குணப்படுத்தினால் போதும்.

மூலமான பாசிலின் மலையாள 'மணிச்சித்திரத்தாழ்' (1993) படத்தில் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. அவள் ஆத்திரம் தமிழில் வந்தது. பி. வாசு கன்னடத்தில் எடுத்த 'ஆப்தமித்ரா'விலும் (2004) பிறகு தமிழிலும் அது தெலுங்காகிவிட்டது. பெண்ணின் கோபம் எப்போதும் பக்கத்து மாநிலத்துச் சரக்கு! நம்ம வீட்டுப் பொண்ணு நம்ம பாஷையில் அப்படிக் கத்தமாட்டாள் போலும்.

வேட்டையனும் மனநல வைத்தியர் சரவணனும் ஒரே ரஜினி என்பதைத் தற்செயல் என்று என்னால் விட முடியவில்லை. கொன்ற முகமே குணப்படுத்தவும் வருகிறது. (நான் பார்த்த கொட்டகையில் 'லகலகலக'வுக்குத்தான் விசில்.)

கடைசியில் அவள் கையில் பந்தத்தைக் கொடுக்கிறார்கள். முகத்தில் புகையை ஊதி, ஆளை அப்புறப்படுத்தி, பொம்மையை வைத்துவிடுகிறார்கள். வேட்டையனைக் கொளுத்திவிட்டதாகவே அவள் நம்புகிறாள். பொம்மை என்று கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். நானும் கைதட்டினேன்.